கோடை விடுமுறையில் வீட்டில் என்ன தைக்கலாம்? தலையணை உறையில் தொடங்கி குவில்ட், மெஷின் எம்பிராய்டரி வரை

கேள்வி இதுதான்: "சாதாரணத் தையல் மெஷின் வீட்டில் இருக்கிறது. எப்போதோ கற்றுக்கொண்டது, நேராகத் தைக்க வரும். கோடையில் இரண்டு மாதம் நேரம் கிடைக்கும். தையல், குவில்ட், மெஷின் எம்பிராய்டரி மூன்றையும் தொட்டுப் பார்க்க ஆசை. எதில் ஆரம்பிப்பது? எம்பிராய்டரிக்குத் தனி மெஷின் வாங்கியே ஆக வேண்டுமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கோடையில் வாங்க வேண்டாம். இருக்கிற மெஷினிலேயே மூன்றையும் தொட்டுப் பார்க்கலாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

எதையும் வெட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரே துணியில் 20 இன்ச் நீளத்துக்கு இரண்டு பட்டிகள், சரியாக ஒரே அளவில். ஒன்றின்மேல் ஒன்றை வைத்து, குண்டூசி குத்தாமல், கையால் இழுக்காமல், மெஷின் போகிற போக்கில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தைத்துவிடுங்கள். முடிவில் மேல் பட்டி கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். துணியைப் பொறுத்து ஒரு நூலிழை அளவும் இருக்கலாம், கால் இன்ச்சும் இருக்கலாம். வெட்டியதில் தப்பில்லை. அடியில் இருக்கும் பற்கள் கீழ்த்துணியைப் பிடித்து இழுக்கின்றன, மேலே அழுத்தும் ஃபுட் மேல்துணியைப் பின்தங்க வைக்கிறது. அவ்வளவுதான்.

நீங்கள் கேட்ட மூன்று வேலைக்கும் அடிப்படை இந்தக் கால் இன்ச்தான். தையலில் துணி நழுவும், குவில்ட்டில் (துணிகளை அடுக்கடுக்காக வைத்துத் தைக்கும் போர்வை) மூன்று அடுக்கும் மூன்று வேகத்தில் நகரும், எம்பிராய்டரியில் தையலே துணியைச் சுருட்டி இழுக்கும். ஆரம்பத்தில் வருகிற கோணல், சுருக்கம், மூலை சேராமை எல்லாவற்றுக்கும் நம் கையைக் குறை சொல்லிக்கொள்கிறோம். பெரும்பாலும் துணியை நகராமல் பிடித்துவைக்கவில்லை என்பதுதான் காரணம். அதனால் நான் சொல்லும் வரிசை, துணி கொஞ்சமாக நகரும் வேலையில் தொடங்கி, அதிகமாக நகரும் வேலைக்குப் போகும்.

துணி. கோடைக்குப் பருத்தி, லினன், மெல்லிய பருத்தி வகைகளான வாயில், லான் இவை போதும். ரேயான் உடம்புக்குக் குளிர்ச்சியாகத்தான் இருக்கும், ஆனால் மேஜையில் வைத்தால் தண்ணீர் மாதிரி ஓடும். முதல் மாதத்தில் அதைத் தொடாதீர்கள். எனக்குப் பிடித்த கோடைத்துணி ஸீர்சக்கர். ஒரு கோடு வழவழப்பாகவும் அடுத்த கோடு சுருக்கம் சுருக்கமாகவும் இருக்கும் பருத்தி. பாரசீகத்தில் 'ஷீர் ஓ ஷக்கர்', பாலும் சர்க்கரையும் என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். வழவழப்பான கோடு பால், சொரசொரப்பான கோடு சர்க்கரை. தறியில் சில இழைகளை இறுக்கமாகவும் சிலவற்றைத் தளர்வாகவும் விட்டு நெய்வதால் அந்தச் சுருக்கம் வருகிறது. சுருக்கம் இருப்பதால் துணி தோலோடு ஒட்டாது, நடுவில் காற்று போகும். அயர்ன் வேண்டியதில்லை. அழுத்தி அயர்ன் செய்தால் அந்தத் துணியை வாங்கியதற்கே அர்த்தமில்லை.

எந்தத் துணியானாலும் வெட்டுவதற்கு முன் ஒரு தடவை துவைத்துவிடுங்கள். தைத்து முடித்தபின் எப்படித் துவைப்பீர்களோ அப்படியே. பருத்தி முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்குவது சாதாரணம். ஒரு மீட்டரில் 5 சதவீதம் என்றால் 5 சென்டிமீட்டர், அதாவது கிட்டத்தட்ட 2 இன்ச். அளவெடுத்துத் தைத்த பாவாடை இரண்டு இன்ச் ஏறிப்போனால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இரட்டை அடுக்காக நெய்த காஸ் (இழை இடைவெளி விட்டு நெய்த மெல்லிய) துணி இன்னும் அதிகமாகவே சுருங்கும்.

சாயமும் அப்போதே தெரிந்துவிடும். நான் ஒருமுறை சிவப்புச் சதுரங்களையும் வெள்ளைச் சதுரங்களையும் மாற்றி மாற்றி வைத்து ஒரு குவில்ட் தைத்தேன். சோம்பலில் சிவப்பை மட்டும் துவைக்கவில்லை. முதல் துவைப்பிலேயே வெள்ளையெல்லாம் ரோஸ். வினிகர் ஊற்று, உப்பு போடு என்று சொல்வார்கள். கடையில் வாங்கும் சாயத்துணியில் இவை சாயத்தைப் பிடித்துநிறுத்துவதில்லை. சாயம் இறங்கிவிட்டது என்றால், காயவிடாமல், நிறையச் சூடான தண்ணீரில் சோப்புத்தூளோடு ஊறவைத்து, தண்ணீர் தெளிவாகும் வரை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் வழி. காய்ந்துவிட்டால் கஷ்டம். எனக்குக் காய்ந்துவிட்டது. அந்த ரோஸ் குவில்ட் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

மெஷின் பக்கம் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புது ஊசி போடுங்கள், எட்டு மணி நேரம் தைத்தால் மாற்றிவிடுங்கள். ஊசி அட்டையில் 75/11, 90/14 என்று இருக்கும். முதல் எண், ஊசித்தண்டின் தடிமன், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காக. 90 என்றால் 0.9 மில்லிமீட்டர். வாயில், லானுக்கு 70/10. சாதாரணப் பருத்திக்கு 80/12. கேன்வாஸ் பை, ஜீன்ஸுக்கு 100/16. டீ-ஷர்ட் மாதிரிப் பின்னல் துணிக்கு நுனி மழுங்கிய பால் பாயின்ட் ஊசி. கூர் ஊசி போட்டால் இழை அறுந்து ஓட்டை விழும். வெயில் காலத்தில் இன்னொன்று: பாதி வேலையில் எழுந்து போகும்போது ஊசியையும் குண்டூசிகளையும் துணியில் குத்தியபடி விட்டுவிடாதீர்கள். ஈரக்காற்று, வியர்வைக்கை, இரண்டு நாள் போதும், துரு இறங்கிவிடும். துருக்கறை எளிதில் போகாது.

பாபின் கேஸ் தனியாகக் கழற்றும் மெஷின் என்றால், பாபினைப் போட்டு நூல் முனையைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். சும்மா பிடித்தால் அப்படியே தொங்க வேண்டும், மணிக்கட்டை லேசாக உதறினால் ஒரு இன்ச் இரண்டு இன்ச் இறங்கி நிற்க வேண்டும். சரசரவென்று கீழே போனால் தளர்வு, அசையவே இல்லையென்றால் இறுக்கம். 1846இல் அமெரிக்கரான எலியாஸ் ஹோவ் காப்புரிமை வாங்கிய பூட்டுத் தையல்தான் இன்றைக்கும் நம் மெஷினில் ஓடுகிறது. மேல்நூலும் கீழ்நூலும் துணிக்கு நடுவில் கொக்கி போட்டுக்கொள்ள வேண்டும். துணிக்கு அடியில் மேல்நூல் முடிச்சு முடிச்சாகத் தெரிந்தால் பாபினைத் திட்டாதீர்கள். பத்தில் ஒன்பது தடவை மேல்நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் உட்காராமல் வெளியே கிடக்கும். ஃபுட்டைத் தூக்கிவைத்துக்கொண்டு முதலிலிருந்து நூல் கோர்த்தால் சரியாகிவிடும்.

சரி, முதல் வேலை. 16 இன்ச் சோபாத் தலையணைக்கு ஒரு உறை. ஜிப் கிடையாது, பட்டன் கிடையாது, பின்னால் இரண்டு மடல் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மூடிக்கொள்ளும். முன்துண்டு 17க்கு 17. பின்னால் இரண்டு துண்டு, ஒவ்வொன்றும் 17க்கு 12. பின்துண்டுகளின் ஒரு நீளப்பக்கத்தை அரை இன்ச், மறுபடி அரை இன்ச் மடித்துத் தையுங்கள், 12 இப்போது 11 ஆகும். முன்துண்டின் நல்ல பக்கத்தின்மேல் இரண்டையும் நல்ல பக்கம் கீழே இருக்க வையுங்கள். 11ம் 11ம் 22, அடியில் இருப்பது 17, ஆக நடுவில் 5 இன்ச் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். நான்கு பக்கமும் அரை இன்ச் விட்டு ஒரு சுற்று. மடல் ஏறும் இடத்தில் முன்னும் பின்னும் ஒரு தடவை கூடுதலாகத் தையுங்கள், தலையணையைத் திணிக்கும்போது பிய்வது அங்கேதான். மூலைகளைக் கத்தரித்துத் திருப்பினால் வேலை முடிந்தது. ஒரு மாலைப்பொழுது போதும்.

இதே உறையை இந்தக் கோடையில் மூன்று தடவை தைக்கச் சொல்வேன். முதல் தடவை வெறும் துணியில். இரண்டாவது தடவை முன்துண்டு, சின்னத் துண்டுகளை இணைத்துத் தைத்த ஒட்டுவேலை. மூன்றாவது தடவை முன்துண்டில் எம்பிராய்டரி. உறை தைக்கும் வேலை கைக்குப் பழகிவிடும், புதிதாகக் கற்பது முன்துண்டு மட்டும். சொதப்பினாலும் நட்டம் 17 இன்ச் சதுரம்தான்.

முதல் உறைக்கும் இரண்டாவது உறைக்கும் நடுவில் ஒரு உடுப்பு தைத்துவிடுங்கள். சின்னப் பெண்ணுக்கு வட்டப்பாவாடை என்று வைத்துக்கொள்வோம். இடுப்பில் எலாஸ்டிக், அதனால் இடுப்பளவு எடுக்காமல், போடும்போது தாண்ட வேண்டிய அகலமான இடத்தின் சுற்றளவு எடுக்க வேண்டும். அது 26 இன்ச் என்றால், 6.28ஆல் வகுத்தால் 4.14. அதுதான் நடுவட்டத்தின் ஆரம். மேலே தையலுக்கு அரை இன்ச் விட வேண்டுமே, அதைக் கழித்தால் 3⅝. இந்தக் கழித்தலை மறந்தால் தைத்தபின் இடுப்பு 3 இன்ச்சுக்கு மேல் பெரிதாகிவிடும். வட்டத்தில் அரை இன்ச் என்பது ஆறு மடங்காகத் திருப்பித் தரும். பாவாடை நீளம் 16, கீழ்மடிப்புக்கு அரை, மேல் தையலுக்கு அரை, எல்லாம் சேர்த்து மையத்திலிருந்து வெளிவட்டம் 20⅝. துணியை நான்காக மடித்து, மூலையிலிருந்து நாடாவைச் சுழற்றி இரண்டு வில் போட்டு வெட்டினால் 44 இன்ச் பன்னாவில் (துணியின் அகலம்) தையலே இல்லாமல் ஒரே வட்டமாக வரும். ஒன்றேகால் மீட்டர் வாங்கினால் துவைத்தபிறகும் தாங்கும். எலாஸ்டிக் பட்டிக்கு மிச்சத்தில் 27க்கு 3½ துண்டு.

வெட்டியதும் கீழ்மடிப்பு தைக்க உட்காராதீர்கள். வட்டமாக வெட்டினால் துணியின் ஒரு பகுதி நேர் இழையில் தொங்கும், இன்னொரு பகுதி கிராஸில், அதாவது இழைக்குச் சாய்வாகத் தொங்கும். கிராஸில் இருக்கும் பகுதி தன் எடையிலேயே இறங்கும். பட்டியை இணைத்துவிட்டு, ஒரு இரவு ஹேங்கரில் மாட்டிவைத்து, காலையில் பார்த்தால் நான்கு இடத்தில் நாக்கு நீட்டியிருக்கும். அதைச் சமன் செய்து வெட்டியபின்தான் கீழ்மடிப்பு. மடிப்பும் கால் இன்ச், கால் இன்ச்தான். வளைவில் அகலமாக மடித்தால் உள்பக்கம் கொசுவம் விழும். நடுவட்டத்தை வெட்டியவுடன் விளிம்பிலிருந்து சற்று உள்ளே ஒரு சுற்றுத் தையல் போட்டுவைப்பதும் இதே காரணத்துக்குத்தான், இல்லாவிட்டால் கையில் எடுக்கிறபோதே வாய் விரியும்.

இந்த மாதிரி உடுப்புகளுக்கு, ஓரம் பிசிறாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷின் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். பிசிறு வெளியே தெரியாமல் பிரெஞ்ச் சீம் போடலாம். முதலில் கெட்ட பக்கங்களைச் சேர்த்து கால் இன்ச்சில் ஒரு தையல், ஓரத்தைப் பாதியாக வெட்டிவிட்டு, திருப்பி, நல்ல பக்கங்கள் உள்ளே வர ⅜ இன்ச்சில் இன்னொரு தையல். மொத்தம் ⅝ போகும், வெட்டும்போதே அதை விட வேண்டும். மெல்லிய வாயில் துணிக்கு இது ஓவர்லாக்கைவிட நன்றாகவே இருக்கும்.

இப்போது குவில்ட். கோடையில் யாராவது போர்வை தைப்பார்களா என்று கேட்பீர்கள். பஞ்சு வைத்த பெரிய குவில்ட்டை மடியில் போட்டுக்கொண்டு வெயிலில் தைப்பது தண்டனைதான், நான் சொல்வது அதில்லை. வங்காளத்துக் காந்தா பழைய மெல்லிய சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டு உண்டானது, ஜப்பானின் சாஷிகோவும் துணியோடு துணி சேர்த்துத் தைப்பதுதான். இரண்டிலும் பஞ்சு இல்லாமலே வேலை நடந்திருக்கிறது. மேலே ஒட்டுத்துணி, அடியில் மெல்லிய பருத்தி, நடுவில் வேண்டுமானால் ஒரு அடுக்கு மல் துணி. ஏசி அறையில் போர்த்திக்கொள்ள, தரையில் விரித்துக் குழந்தையைப் படுக்கவைக்க அது போதும்.

ஆனால் முதலில் அந்த இரண்டாவது தலையணை உறையில் கால் இன்ச் தையலைப் பழகுங்கள். உடுப்பில் தையல் ஓரம் அரைக்கால் இன்ச் கூடக்குறைய இருந்தால் யாருக்கும் தெரியாது. குவில்ட்டில் அப்படி இல்லை. 8 சதுரங்களை வரிசையாக இணைத்தால் நடுவில் 7 தையல். ஒவ்வொரு தையலிலும் கால் இன்ச்சுக்கு மேல் வெறும் 1/16 இன்ச் அதிகம் பிடித்தால், இரண்டு துண்டிலும் சேர்த்து ⅛ போகும். ஏழு தையலில் ⅞ இன்ச். அடுத்த வரிசையைச் சரியாகத் தைத்திருந்தால் இரண்டும் சேரவே சேராது. இதைச் சோதிக்க, 1½ இன்ச் அகலத்தில் மூன்று பட்டிகளை வெட்டி அடுத்தடுத்து இணைத்து அயர்ன் செய்யுங்கள். நடுப்பட்டி சரியாக 1 இன்ச் இருக்க வேண்டும். குறைந்திருந்தால் தையல் ஓரத்தைக் கொஞ்சம் ஒல்லியாக்குங்கள். மடிப்பு திரும்பும் இடத்தில் துணியின் தடிமனே ஒரு நூலிழை சாப்பிட்டுவிடும், அதனால் 'கால் இன்ச்சுக்கு மயிரிழை குறைவு' என்பதுதான் நடைமுறையில் கால் இன்ச். அளவு கிடைத்ததும் மெஷின் தட்டில் ஒரு டேப் ஒட்டி அதை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டுவதற்கு வட்டக்கத்தியும் அதற்கான பாயும் ஸ்கேலும் வாங்குவது மட்டும் நல்ல செலவு. ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979இல் கொண்டுவந்த கருவி அது. கத்தரிக்கோல் துணியைத் தூக்கித்தான் வெட்டும், தூக்கும்போதே துணி நகரும். வட்டக்கத்தி துணியைப் பாயிலிருந்து எழுப்புவதில்லை. வெட்டி முடித்த மறுநொடி கத்தியின் உறையை மூடிவிடுங்கள். கீழே விழுந்தால் காலில்தான் விழும்.

அளவு சொல்கிறேன். முடிந்தபின் 48க்கு 60 இன்ச் போர்வை. முடிந்த சதுரம் 6 இன்ச், வெட்டுவது 6½. குறுக்கே 8, நெடுக்கே 10, மொத்தம் 80 சதுரம். 44 இன்ச் பன்னாவில் கரையைக் கழித்துவிட்டு ஒரு பட்டிக்கு 6 சதுரம் வரும், 14 பட்டி வேண்டும், 91 இன்ச். பல துணிகளாகச் சேர்த்து மொத்தம் இரண்டரை மீட்டர். அடித்துணி நான்கு பக்கமும் 2 இன்ச் கூடுதலாக, 52க்கு 64. இரண்டு துண்டை இணைத்துத்தான் ஆக வேண்டும். இணைப்பு நெடுக்கே வரும்படி வைத்தால் 128 இன்ச் துணி வேண்டும். குறுக்கே வரும்படி வைத்தால் 104 இன்ச்சில் முடிந்துவிடும். கடைக்குப் போகும் முன் இதைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள்.

வரிசையாக இணைக்கும்போது முதல் வரிசையின் தையல்களை எல்லாம் வலப்பக்கம் படியும்படி அயர்ன் செய்யுங்கள், இரண்டாவது வரிசையில் இடப்பக்கம், மூன்றாவதில் மறுபடி வலம். இரண்டு வரிசைகளைச் சேர்க்கும்போது எதிரெதிர் மேடுகள் ஒன்றில் ஒன்று போய்க் கொக்கி மாதிரி உட்காரும். விரலால் தடவினாலே உட்கார்ந்துவிட்டது தெரியும். மூலை பொருந்தும், குண்டூசியும் குறைவாகப் போதும். அயர்ன் பெட்டியை வைத்து எடுங்கள், தேய்க்காதீர்கள். தேய்த்தால் சதுரம் சாய்சதுரமாகும்.

சதுரம் அலுத்துவிட்டால் முக்கோணம். முக்கோணமாக வெட்டித் தைத்தால் கிராஸ் விளிம்பு இழுபட்டே தீரும். அதனால் முக்கோணமாக வெட்டாமலே தைப்பார்கள். முடிந்த அளவு 4 இன்ச் வேண்டும் என்றால் இரண்டு நிறத்தில் 5 இன்ச் சதுரம் எடுத்து, முகத்தோடு முகம் சேர்த்து, மூலைக்கு மூலை ஒரு கோடு வரைந்து, கோட்டுக்கு இரு பக்கமும் கால் இன்ச்சில் தைத்து, அப்புறம் கோட்டில் வெட்டினால் இரண்டு சதுரம் கிடைக்கும், ஒவ்வொன்றிலும் இரண்டு நிற முக்கோணம். 4½க்குச் சீர்செய்து கொள்ளுங்கள்.

அடுக்குகளைச் சேர்க்கும் நாள்தான் பொறுமை வேண்டும். அடித்துணியைத் தரையில் விரித்து, சுருக்கம் போகும் அளவுக்கு மட்டும் இழுத்து, ஓரங்களை டேப் போட்டு ஒட்டுங்கள். அதன்மேல் மற்ற அடுக்குகள். நடுவிலிருந்து வெளியே போகும்படி 4 இன்ச்சுக்கு ஒரு சேஃப்டி பின். உள்ளங்கையை வைத்தால் எங்கேயும் ஒரு பின் தட்டுப்பட வேண்டும், அதுதான் கணக்கு. தைக்கும்போதும் நடுக்கோடு முதலில், அப்புறம் இரு பக்கமும். தையல் நீளம் 3 மில்லிமீட்டர். வாக்கிங் ஃபுட் கிடைத்தால் போடுங்கள். அதில் மேலேயும் பற்கள் இருக்கும், மேல்துணியையும் கீழ்த்துணியையும் ஒரே வேகத்தில் நகர்த்தும். முதலில் செய்த 20 இன்ச் பட்டிச் சோதனையை இந்த ஃபுட் போட்டுச் செய்து பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். கிடைக்காவிட்டால் பக்கத்துப் பக்கத்துக் கோடுகளை ஒரே திசையில் தையுங்கள்.

கோடு வரையும் பேனாவில் ஜாக்கிரதை. சூட்டில் மறையும் பேனா அயர்ன் பட்டதும் போய்விடும், நல்ல குளிர் பட்டால் திரும்ப வரலாம். தண்ணீரில் போகும் நீலப் பேனா அப்படியில்லை, கழுவும் முன் அதன்மேல் அயர்ன் வைத்தால் போகாமல் நின்றுவிடும். நான் சாக்கோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஓரத்துக்கு 2½ இன்ச் பட்டிகள் ஆறு. சுற்றளவு 216, மூலைக்கும் முடிவுக்கும் 12 சேர்த்து 228. ஆறு பட்டி இணைத்தால் தாராளம். நீளவாக்கில் இரண்டாக மடித்து முன்பக்கம் தைத்து, பின்பக்கம் திருப்பி மடித்துக் கையால் தைத்துவிடுங்கள். நேர் விளிம்புக்கு நேர்த்துணிப் பட்டியே போதும், கிராஸ் வேண்டியது வளைவுக்குத்தான். மூலையில் கால் இன்ச்சுக்கு முன்னால் நிறுத்தி, பட்டியை மேலே 45 டிகிரியில் மடித்து, அப்படியே கீழே திருப்பி, அடுத்த பக்கத்தை விளிம்பிலிருந்து தொடங்குங்கள்.

மிச்சத் துண்டுகளில் சூடான பாத்திரம் பிடிக்கும் துணி தைக்கலாம் என்று தோன்றும். தையுங்கள், ஆனால் உள்ளே வைப்பது பருத்திப் பஞ்சு விரிப்பாக இருக்கட்டும், இரண்டு அடுக்கு. பாலியெஸ்டர் சூட்டில் உருகும்.

இனி எம்பிராய்டரி. உங்கள் மெஷினில் பற்களைக் கீழே இறக்கும் திருகோ நெம்போ இருந்தால் இறக்குங்கள், இல்லையென்றால் மேலே மூடும் தகடு போட்டுத் தையல் நீளத்தைப் பூஜ்யமாக்குங்கள். துணியை இஷ்டப்படி நகரவிடும் டார்னிங் ஃபுட் போட்டு, துணியை வட்டச்சட்டத்தில் இறுக்கி, சட்டத்தைத் தலைகீழாக, அதாவது துணி மெஷின் தட்டோடு ஒட்டிப் படும்படி வையுங்கள். இப்போது துணியை நகர்த்துவது நீங்கள்தான். ஊசி பென்சில், நீங்கள் காகிதத்தை நகர்த்துகிறீர்கள். மெஷின் வேகமாக, கை மெதுவாக. நேர்மாறாகச் செய்தால் தையல் நீளமாகி ஊசி வளைந்து உடையும். முதல் நாள் உங்கள் பெயரை எழுதிப் பாருங்கள், மருத்துவர் கையெழுத்து மாதிரி வரும். நான்காவது நாள் இலை, கொடி, மீன் வந்துவிடும். மூன்றாவது தலையணை உறைக்கு அது போதும்.

தனி எம்பிராய்டரி மெஷின் வாங்க வேண்டாம் என்றது இதற்காகத்தான். துணி எப்படி நடந்துகொள்கிறது என்று கை தெரிந்துகொண்டபின் வாங்கினால் அந்த மெஷின் அடிமையாக வேலை செய்யும். தெரியாமல் வாங்கினால், மெஷின் சொன்னதைச் சரியாகச் செய்தும் ஏன் வட்டம் முட்டையாக வருகிறது என்று புரியாது. நெருக்கமாக நிரப்பும் தையல், தான் போகும் திசையில் துணியைச் சுருக்கும், அதற்குக் குறுக்கே வெளியே தள்ளும். அதனால் வட்டம் முட்டையாகும், நிரப்பியதற்கும் ஓரக்கோட்டுக்கும் நடுவில் துணி எட்டிப்பார்க்கும். துணி நகராமல் தாங்கிப் பிடிக்க அடியில் வைக்கும் தாள், ஸ்டெபிலைசர்தான் இதற்கு மருந்து. இழுத்தால் நீளும் துணிக்கு வெட்டி எடுக்கும் வகை, அது கடைசிவரை துணியோடு இருக்கும். நீளாத பருத்திக்குக் கிழித்தெடுக்கும் வகை. பின்பக்கமும் தெரியும் மெல்லிய துணிக்குத் தண்ணீரில் கரையும் வகை. சட்டத்தில் துணி மேளத்தோல் மாதிரி விறைப்பாக இருக்கலாம், இழுத்து நீட்டியதாக இருக்கக்கூடாது. சட்டத்தில் மாட்டியபின் ஓரத்தைப் பிடித்து இழுத்துச் சரிசெய்கிறோமே, அங்கேதான் தப்பு நடக்கிறது. கழற்றியதும் துணி பழைய அளவுக்குத் திரும்பும், தையல் திரும்பாது.

பின்னால் வாங்குவதாக இருந்தால் பார்க்க வேண்டியது உள்ளே எத்தனை டிசைன் இருக்கிறது என்பதை அல்ல, தைக்கும் பரப்பை. 100க்கு 100 மில்லிமீட்டர் மெஷினில் 101 மில்லிமீட்டர் டிசைனைத் திறக்கக்கூட முடியாது. உடுப்புக்கும் பைக்கும் 130க்கு 180 இருந்தால் போதும். டிசைன் கோப்பின் வகையும் மெஷினுக்கு மெஷின் வேறு. பிரதர் பிஇஎஸ் கேட்கும், ஜனோமி ஜெஇஎஃப், தொழில்முறை மெஷின்களில் டிஎஸ்டி. போனில் எடுத்த படத்தை அப்படியே போட்டால் தைக்காது, அதைத் தையலாக மாற்றுவது தனி வேலை. வாங்கிய டிசைனைப் பெரிதாக்குவதோ சிறிதாக்குவதோ 10, 15 சதவீதத்துக்கு மேல் வேண்டாம், தையல் எண்ணிக்கை மாறாமல் அளவு மட்டும் மாறினால் பெரிதில் இடைவெளி விழும், சிறிதில் அட்டை மாதிரி விறைக்கும். நேரத்தையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 12,000 தையல் டிசைன், நிமிடத்துக்கு 600 தையல் என்றால் 20 நிமிடம். ஆறு நிறம் என்றால் நூல் மாற்றும் நேரமும் உண்டு.

நூல், 40 எண் பாலியெஸ்டரோ ரேயானோ மேலே, 60 எண் பாபினில். எண் கூடினால் நூல் மெலிகிறது. ரேயான் பளபளப்பு அழகுதான், ஆனால் அடிக்கடி துவைப்பதற்கும் வெயிலில் காய்வதற்கும் பாலியெஸ்டர்தான் தாங்கும். டென்ஷன் சரியா என்று பார்க்க, நூலை நெருக்கமாக அடுக்கித் தைத்த சாட்டின் தையலின் பின்பக்கத்தைத் திருப்புங்கள். நடுவில் மூன்றில் ஒரு பங்கு பாபின் நூல், இரு பக்கமும் மேல்நூல். அப்படி இருந்தால் கை வைக்காதீர்கள்.

கோடை உடுப்பில் எம்பிராய்டரி என்றால் கோட்டு வேலையாகத் தேர்ந்தெடுங்கள். மெல்லிய வாயிலில் முழுக்க நிரப்பிய பூ வைத்தால் அந்த இடம் அட்டை மாதிரி நிற்கும், காற்றும் போகாது. குழந்தை உடுப்பு என்றால் பின்பக்கம் தோலைக் குத்தும், சூட்டில் ஒட்டிக்கொள்ளும் மென்மையான துணி ஒன்றை அயர்ன் செய்து மூடிவிடுங்கள்.

நிரப்பு வேலை பார்க்க ஆசையாக இருந்தால் அதற்கு ஏற்றது துண்டுதான், டவல். பெயரின் முதலெழுத்தைப் பெரிதாகப் போடலாம். டவலைச் சட்டத்தில் திணிக்காதீர்கள், தடிமனாக இருக்கும், சட்டத்தின் தடமும் விழும். ஸ்டெபிலைசரை மட்டும் சட்டத்தில் மாட்டி, அதன்மேல் டவலை வைத்து, டிசைனைச் சுற்றி நீளத்தையலில் ஒரு பெட்டி தைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். மேலே தண்ணீரில் கரையும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் மாதிரி ஒன்று வைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் டவலின் நூல்வளையங்கள் தையலுக்கு நடுவே தலை நீட்டி, எழுத்து புல்லுக்குள் விழுந்தது மாதிரி மறைந்துவிடும். தைத்து முடிந்ததும் தாளைக் கிழித்து எடுத்துவிட்டு, மூலைமுடுக்கில் ஒட்டியிருப்பதை ஈரத்துணியால் ஒற்றினால் கரைந்துவிடும். பெட்டித்தையலைப் பின்பக்கமிருந்து பிரியுங்கள். முன்பக்கமிருந்து பிரித்தால் டவலின் வளையமும் சேர்ந்து வந்துவிடும், அதைத் திரும்ப உள்ளே தள்ள வழியில்லை.